காதை மூடிக்கொண்டு முகர வேண்டும்

போன மாதம் ஒரு காலை நேரத்தில் ஜெபா போன் பண்ணினாள். நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் இப்போது என் நாற்காலியில் இருப்பவள் அவள்தான்.

"சார், புதுத் தொட்டித் தண்ணி பெயின்ட் வாடை அடிக்குன்னு ஒரு தெருவே திரண்டு வந்து வாசல்ல நிக்கி. என்ன செய்ய?"

"மோந்து பாத்தியாம்மா?"

"பாத்தாச்சு, ஒண்ணுமே இல்ல. அதை விடுங்க சார். அந்தத் தொட்டியில இன்னும் தண்ணியே ஏத்தலை! பெயின்ட் அடிச்சு, வாழை மரம் கட்டி, திறப்பு விழா மட்டும்தான் நடந்திருக்கு. பழைய குழாயில பழைய தண்ணிதான் போவுது."

நான் சிரித்த சிரிப்பில் என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தாள். சிரித்து முடித்த பிறகு ஜெபாவிடம் சொன்னேன்: "அவங்க முன்னால மட்டும் சிரிச்சிராத. அவங்க பொய் சொல்லலை. அவங்களுக்கு நிசமாவே பெயின்ட் வாடைதான் வருது."

உடனே ஜெபா, "இதையெல்லாம் எழுதிக் குடுங்க சார். புதுசா வேலைக்கு வந்திருக்கிறவங்களுக்குப் படிக்கக் குடுக்கேன்" என்றாள். வேலையில் இருந்தபோது என் பேச்சுக்குக் கொட்டாவி விட்டவர்கள் எல்லாம் இப்போது எழுதித் தரச் சொல்கிறார்கள். சரி, கேட்டுவிட்டாள், எழுதுகிறேன்.

என் உத்தியோகத்தை வெளியில் சொல்வது எப்போதும் சங்கடம்தான். தண்ணீரில் உப்பு எவ்வளவு, குளோரின் எவ்வளவு, கிருமி உண்டா என்றெல்லாம் பார்க்க எங்களிடம் கருவிகள் இருந்தன. வாடையைப் பார்க்க மட்டும் மூக்குதான். பெண் பார்க்கப் போனபோது, "மாப்பிள்ளை ஆபீஸில் என்ன செய்கிறார்?" என்று மாமனார் கேட்டார். என் அப்பா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர், பொய் சொல்ல மாட்டார். "தண்ணியை மோந்து பாக்கான்" என்று சொல்லிவிட்டார். பெண் கொடுத்ததே பெரிய காரியம். கர்த்தர் எனக்கு மூக்கை மட்டும் தாராளமாகக் கொடுத்திருந்தார், அதைப் பார்த்து மாமனார் நம்பியிருக்கலாம்.

எனக்கு வேலை கற்றுக் கொடுத்தவர் எங்கள் தலைமை வேதியர் கோமதி அம்மாள். என்னைவிட ஒரு வயதுதான் கூட, ஆனால் அவர் ஓய்வு பெறும் வரைக்கும் நான் அவர் முன்னால் காலை நீட்டி உட்கார்ந்ததில்லை. கஞ்சி போட்ட பருத்திப் புடவை. தலையில் எண்ணெய் கிடையாது, பூ கிடையாது, முகத்தில் பவுடர் கிடையாது. திருநெல்வேலியில் ஒரு சுமங்கலி வெள்ளிக்கிழமை பூ வைக்காமல் பஸ் ஏறினால் கண்டக்டர்கூட விசாரிப்பார். அம்மா அசர மாட்டார். "மூக்கு உத்தியோகம்யா, மல்லிகைப்பூவுக்குச் சம்பளம் தர மாட்டாங்க" என்பார்.

நான் சேர்ந்த புதிதில் ஒரு நாள் என் முன்னால் ஒரு குப்பியை வைத்து, "புன்னக்காயல் பக்கத்துல இருந்து வந்திருக்கு, மோந்து பாரும்" என்றார். புன்னக்காயல் என்பது ஆறு கடலில் விழுகிற இடம், மீன்பிடி ஊர். நான் மூடியைத் திறந்தேன். குப்பென்று மீன் வாடை. கெட்டிக்காரத்தனத்தைக் காட்ட வேண்டாமா? "மீன் வாடை அம்மா. சாளை மீன்" என்றேன். கூடத்தில் இருந்த எல்லோரும் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார்கள். அந்தக் குப்பியில் இருந்தது எங்கள் கூடத்திலேயே காய்ச்சி வடித்த தண்ணீர்.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "மூக்கு சேதியைக் கொண்டு வரும், அவ்வளவுதான். அதுக்குப் பேரு வைக்கிறது மண்டை. நான் புன்னக்காயல்னு சொன்னதுமே உம்ம மண்டை பேரை வச்சிட்டு, மூக்கு வந்து சேரதுக்கு முன்னாலயே. அதனால மோந்து பாக்கதுக்கு முன்னால காதை மூடணும்" என்றார். எனக்கு மானம் போனது. ஆனால் அந்தச் சாளை மீனின் வாடை இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. இல்லாத மீன், இருந்தும் அப்படி ஒரு வாடை.

காதை மூடுவது என்றால் பஞ்சை அடைத்துக்கொள்வது அல்ல. குப்பி எந்த ஊரில் இருந்து வந்தது, யார் புகார் கொடுத்தார்கள், என்ன வாடை என்று சொன்னார்கள், எதுவும் முகர்கிறவருக்குத் தெரியக் கூடாது. அம்மாவின் முறை இதுதான். முகர்கிற நாளில் வாசனைச் சோப்பு, வெற்றிலை, காப்பி எதுவும் கூடாது. கண்ணாடிக் குப்பிகளை வெறும் வெந்நீரில் அலசியிருக்க வேண்டும். கரி வழியாக வடித்து வாடையே இல்லாமல் ஆக்கிய தண்ணீரை இரண்டு குப்பிகளிலும், சோதிக்க வேண்டிய தண்ணீரை ஒரு குப்பியிலும் ஊற்றி, மூன்றையும் வெந்நீர்த் தொட்டியில் வைத்து ஒரே அளவுக்குச் சூடாக்குவார். சூட்டில்தான் வாடை எழும்பும். குப்பியைக் குலுக்கி, மூடியைத் திறந்து, ஒரே ஒரு மூச்சு. மூன்றில் எது வேறு என்று மட்டும் முதலில் சொல்ல வேண்டும், என்ன வாடை என்பது அப்புறம். வேறுபாடே தெரியாதவன் வாடைக்குப் பெயர் சொன்னால் அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்ப்பார். அந்தப் பார்வைக்கு வசவே தேவலை. பக்கத்தில் இருக்கிறவன் முகத்தைச் சுளிக்கக்கூடக் கூடாது. ஒருவன் சுளித்தால் அடுத்தவனுக்கு நாறிவிடும்.

இந்த முறையில் பல வருஷம் ஓடியது. பாசி வாடை, குழாய்த் துரு வாடை, ஒரு தடவை தொட்டிக்குள் செத்துக் கிடந்த புறா. எல்லாவற்றையும் எழுதினால் நீங்கள் சாப்பாட்டுக்குப் போக மாட்டீர்கள். ஒன்றை மட்டும் விவரமாகச் சொல்கிறேன்.

கொரோனா ஓய்ந்து கல்யாண மண்டபங்கள் மறுபடி களைகட்டிய சமயம். டவுனில் ஒரு தெருவில் இருந்து சங்கரபாண்டி அண்ணாச்சி ஒரு குடம் தண்ணீரோடு நேராக எங்கள் கூடத்துக்குள் வந்து நின்றார். (அது அவருடைய நிஜப் பெயர் இல்லை. எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். "தாராளமா எழுதும் வே, பேரை மட்டும் மாத்திரும்" என்றார்.) அண்ணாச்சி கல்யாணச் சமையல்காரர், எங்கள் பக்கத்தில் தவசுப்பிள்ளை என்போம். சைவக் கல்யாணங்களில் முகூர்த்தத்துக்கு மறுநாள் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொதி போடுவார்கள். தேங்காய்ப் பாலில் காய்கறியும் பாசிப்பருப்பும் சேர்த்து வைக்கிற குழம்பு. அந்த ஒரு சாப்பாட்டில்தான் பெண் வீட்டு மானம் இருக்கிறது. அண்ணாச்சியின் சொதிக்காகக் கல்யாணத் தேதியையே தள்ளி வைத்தவர்கள் உண்டு.

"ஒரு மாசமா தண்ணி நாறுது சார்வாள். ரப்பர் கருகுத நாத்தம். காப்பி போட்டா நாறுது, பருப்பு வேக வச்சா நாறுது, பூடு வதக்கினா அங்கன நிக்க முடியலை. சாக்கடை கலந்திருக்கு. தெருவுல யாரை வேணாக் கேளுங்க."

கேட்டோம். தெருவே ஆமாம் என்றது. இருக்கிற மூக்குகளிலேயே பெரிய மூக்கு நாறுகிறது என்று சொல்லிவிட்டால் மற்ற மூக்குகள் என்ன செய்யும்? வீட்டுக்கு வீடு கேன் தண்ணீர் வாங்க ஆரம்பித்துவிட்டார்கள். அண்ணாச்சி வீட்டிலும் தெருவின் இரண்டு கோடியிலும் தண்ணீர் பிடித்து வந்து, யார் வீட்டுத் தண்ணீர் என்று தெரியாமல் எல்லோரும் முகர்ந்து பார்த்தோம். லேசான குளோரின், வேறு எதுவும் இல்லை. கிருமிச் சோதனையிலும் சுத்தம்.

நான் பேனாவைத் திறந்து அறிக்கை எழுதப் போனேன். அம்மா தடுத்தார். "அந்த மூக்கை நம்பி ஊரே பந்தியில உக்காருது. அது பொய் சொல்லாது. ஆனா அது கொண்டு வர்ற சேதி தண்ணியைப் பத்தினதுதானான்னு பாக்கணும். அவரை வரச் சொல்லும்."

அண்ணாச்சி வந்தார். வந்ததும் மனதில் இருந்ததைக் கொட்டிவிட்டார். அடுத்த மாதம் அவர் மகள் காந்திமதிக்குக் கல்யாணம். "மறுநாள் சொதி என் கையாலதான்னு சம்பந்தி வீட்டுல வாக்குக் குடுத்திருக்கேன். ஊரு பிள்ளைகளுக்கெல்லாம் வச்சுக் குடுத்தவன், எம்மவளுக்கு வைக்காண்டாமா? இந்தத் தண்ணியில நான் என்னத்த வைக்க?"

"கேன் தண்ணியில வச்சுப் பாத்தீங்களா அண்ணாச்சி?" என்றேன்.

"அதும் அப்படித்தான் நாறுது. அவனும் இந்தத் தண்ணியத்தான் பிடிச்சு அடைக்கான் போல."

அம்மா என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன்.

அண்ணாச்சியை உட்கார வைத்து, மூன்று மூன்றாகக் குப்பிகளைக் கொடுத்தார் அம்மா. சொல்லிக் கொடுக்காமலே அண்ணாச்சி அழகாக முகர்ந்தார். ஒரே மூச்சு, முகத்தில் சலனமில்லை. எனக்கு அதற்குப் பல மாதம் பழக வேண்டியிருந்தது. கடைசிக் குப்பியையும் மூடி வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"எதுலயும் ஒண்ணும் இல்லையேம்மா. எங்க வீட்டுத் தண்ணிய வைக்கலியா?"

"ரெண்டு தடவ வச்சேன் அண்ணாச்சி."

அவர் நம்பவில்லை. குப்பிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்போது அம்மா செய்த காரியத்தைப் பார்த்து எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கைப்பையில் இருந்து ஒரு பிளாஸ்க்கை எடுத்து, முகர்கிற அறைக்குள்ளேயே, ஒரு தம்ளரில் காப்பியை ஊற்றினார். பத்துத் தடவை கை கழுவிவிட்டு உள்ளே வரச் சொல்கிறவர்!

"எங்க வீட்டுக் கிணத்துத் தண்ணியில போட்டது. குடிங்க."

அண்ணாச்சி தம்ளரை உதட்டருகே கொண்டு போனார். முகம் சுருங்கிவிட்டது. சட்டென்று கீழே வைத்தார். "இதும் நாறுதேம்மா."

"காப்பி நாறுது, பருப்பு நாறுது, பூடு நாறுது. எல்லாத்துலயும் தண்ணி இருக்கு, அதனால தண்ணிதான்னு கண்டுபிடிச்சீங்க. சரியாத்தான் யோசிச்சிருக்கீங்க. ஆனா தண்ணியத் தவிர இன்னொண்ணும் எல்லாத்துலயும் இருந்துச்சே அண்ணாச்சி."

அண்ணாச்சி குப்பிகளைப் பார்த்தார், பிளாஸ்க்கைப் பார்த்தார். பிறகு பையப் பைய அவர் கை எழும்பி அவர் மூக்கைத் தொட்டது.

அவர் அழுததை நான் எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அழுதார். "வெளிய சொல்லிராதீங்க சார்வாள். மூக்குப் போன தவசுப்பிள்ளைய எவன் கூப்பிடுவான்?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். விசாரித்ததில், கொரோனா வந்து கொஞ்ச நாள் வாசனை தெரியாமல் இருந்திருக்கிறது. அப்போது கல்யாணமும் இல்லை, சமையலும் இல்லை, அவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு வாசனை திரும்பியது, ஆனால் கோணலாகத் திரும்பியிருக்கிறது.

காது மூக்கு தொண்டை டாக்டரிடம் நானே கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் பயமுறுத்தவில்லை. விட்டு விட்டுக் கேட்கிற போனில் பாதி வார்த்தையை வைத்துக்கொண்டு மீதியை நாமாக நிரப்பிக்கொள்கிறோம் இல்லையா, மூளையும் இப்போது அதைத்தான் செய்கிறது, தப்பாக நிரப்புகிறது என்றார். நரம்பு மறுபடி வளரும், நாள் ஆகும், கிராம்பு, எலுமிச்சை என்று தெரிந்த வாசனைகளைத் தினமும் நினைத்து நினைத்து முகர வேண்டும் என்றார். எவ்வளவு நாள் என்று கேட்டோம். கல்யாணத்துக்குள் ஆகும் என்று அவர் சொல்லவில்லை.

தெருவை என்ன செய்வது என்று நான் கவலைப்பட்டேன். அண்ணாச்சியே தீர்த்து வைத்தார். ஒரு காலையில் தெருக் குழாயடியில் எல்லோரும் பார்க்க ஒரு செம்பு தண்ணீர் பிடித்துக் குடித்துவிட்டு, "ம், இப்ப சரியாயிட்டு" என்றார். அன்று மாலைக்குள் தெரு முழுக்க நாற்றம் நின்றுவிட்டது. "நீங்க வந்து பாத்த பிறகு தண்ணி இனிக்கில்லா!" என்று ஒருவர் என் கையைக் குலுக்கினார். குழாயில் ஒரு மறையைக்கூட நாங்கள் திருகியிருக்கவில்லை.

கல்யாணம் நெருங்கியது. முக்கூடலில் இருந்து வேறு தவசுப்பிள்ளையை வரவழைக்கலாமா என்று அண்ணாச்சி குழம்பிக்கொண்டிருந்தார். ஒரு சாயங்காலம் என் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"எனக்கு ருசி ஞாபகம் இருக்கு, மூக்கு இல்லை. உமக்கு மூக்கு இருக்கு. அன்னைக்கு நீரு எம் பக்கத்துல நில்லும் வே."

சார்வாள் போய் உரிமையாக வே வந்துவிட்டது. எனக்கு உள்ளூரச் சந்தோஷம், வெளியே நடுக்கம். "அண்ணாச்சி, எனக்குச் சொதியில நல்லது எது கெட்டது எதுன்னே தெரியாதே" என்றேன்.

"அது எனக்குத் தெரியும் வே. என்ன வருதுன்னு மட்டும் நீரு சொல்லும்."

அப்படியாகக் காந்திமதி கல்யாணத்துக்கு மறுநாள் காலையில், குளித்து, வாசனைச் சோப்புப் போடாமல், காப்பி குடிக்காமல், மண்டபத்துச் சமையல்கட்டில் போய் நின்றேன். "ஆபீஸ்ல இருந்து தண்ணி பாக்க வந்திருக்காரு" என்று அண்ணாச்சி கையாட்களிடம் சொல்லிவைத்தார். எவ்வளவு உண்மையான பொய்!

தேங்காயின் இரண்டாம் பாலில் காய் வெந்து, பருப்பு சேர்ந்து, அண்டா கொதித்தது. அண்ணாச்சி ஒரு சின்னக் கரண்டியில் எடுத்து ஆற்றி என்னிடம் நீட்டினார். நான் கண்ணை மூடினேன்.

"முதல்ல எது வருது? தேங்காயா, இஞ்சியா?"

"தேங்காய்."

"அதுக்குப் பிறகு?"

"இஞ்சி. ஆனா ரொம்பத் தள்ளி வருது."

"தள்ளி வரக் கூடாது, தேங்காய்க்குத் தோளோட தோளா வரணும்." இடித்த இஞ்சியைப் பிழிந்து கொஞ்சம் சாறு விட்டார். மறுபடி கரண்டி. "இப்ப?"

"கிட்ட வந்துட்டு."

"பூடு வருதா?"

"இல்லையே அண்ணாச்சி."

"தேடிப் பாரும்."

தேடினேன். "ஆங், இருக்கு. கடைசியில, அடியில."

"அதான் அதுக்கு இடம். தேடினாக் கிடைக்கணும், தானா வரக் கூடாது." நெற்றி வியர்வையைத் துண்டால் துடைத்துக்கொண்டு முதல் பாலை ஊற்றினார். நுரை கட்டியதும் கொதிக்க விடாமல் அண்டாவை இறக்க வைத்தார். அதற்கு அவருக்கு மூக்கு வேண்டியிருக்கவில்லை, கண் போதும். சூடு தணிந்ததும் எலுமிச்சம்பழம் பிழிந்தார். கடைசிக் கரண்டியை முகர்ந்து நான் வரிசையைச் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், ஏதோ பாட்டுக் கேட்கிற மாதிரி. "சரி வே. எலையப் போடச் சொல்லும்."

பந்தியில் சம்பந்தி வீட்டுப் பெரியவர் ஒருவர் மூன்றாம் தடவை சொதி வாங்கிக்கொண்டு, "என்ன இருந்தாலும் நம்ம தாமிரபரணித் தண்ணி ருசி வேற எங்கன வரும் வே!" என்று இலை நெடுகக் கேட்கும்படி சொன்னார். எல்லோரும் ஆமோதித்தார்கள். மண்டபத்தில் அன்று காலை மோட்டார் ஓடவில்லை, சமையலுக்கு வந்தது லாரியில் கொண்டுவந்த போர் தண்ணீர். வேலை விஷயத்தில் வாயை மூடிக்கொள்வது எனக்குப் பழக்கம்தான் என்பதால் இஞ்சிப் பச்சடியை நக்கிக்கொண்டு சும்மா இருந்தேன்.

கடைசிப் பந்தியில் அண்ணாச்சியையும் பிடித்து உட்கார வைத்தார்கள். நான் எதிர் வரிசையில் இருந்தேன். அவர் ஒரு வாய் எடுத்து, மென்று, கஷ்டப்பட்டு விழுங்கினார். அவருக்கு இன்னும் ரப்பர் கருகிக்கொண்டுதான் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. ஊருக்கெல்லாம் பரிமாறியதில் அவருக்கு மட்டும் பங்கில்லை.

அப்போது காந்திமதி, கழுத்தில் புது மஞ்சள் கயிற்றோடு, மாப்பிள்ளையை விட்டுவிட்டு ஓடி வந்தாள். வீட்டில் யாருக்கும் மூக்கு விஷயம் தெரியாது. தண்ணீர்தான் சரியில்லாமல் இருந்தது, சரியாகிவிட்டது என்றே நம்பிக்கொண்டிருந்தார்கள். அப்பா பக்கத்தில் குனிந்து, "எப்பா, அதே சொதிப்பா. சின்னப் பிள்ளையில நீ எனக்கு ஊட்டுவியே, அதே சொதி" என்றாள். கண் கலங்கியிருந்தது.

"அப்படியாட்டி?" என்றார் அண்ணாச்சி. அவள் போன பிறகு இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இன்னொரு வாய் எடுத்தார். மெல்லுவது பாதியில் நின்றது. நிமிர்ந்து, இலைகளுக்கு மேலே எட்டி, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்.

"லேசா இஞ்சி வருது வே."

நரம்பு அந்த நிமிஷத்தில்தான் முளைத்ததா, மகள் சொன்னதைக் கேட்டு மண்டை பெயர் வைத்ததா, எனக்குத் தெரியாது. கண்டுபிடிக்க வழி இருந்தது. கண்ணை மூடச் சொல்லி, மூன்று கிண்ணம் வைத்து, எதில் இஞ்சி என்று கேட்டிருக்கலாம். மறுநாள் கோமதி அம்மாளிடம் சொன்னபோது அவரும் அதைத்தான் முதலில் கேட்டார்.

"சோதிச்சுப் பாத்தீரா?"

"இல்லைம்மா."

அம்மா கண்ணாடியைக் கழற்றினார். பழைய பார்வை வரப் போகிறது என்று பயந்தேன். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "நல்ல வேளை, அவரு காதை மூடலை" என்றார்.